நீல வளையக் கதவைத் திறப்பது எப்படி

பணிநாள் 88. காலை 07.10
அஞ்சல் நிலையம், செவ்வாய்ச் சுற்றுப்பாதை

மூச்சுக்காற்றைச் சுத்தம் செய்யும் காற்றுச் சுத்தி ஓடுகிறது. தண்ணீர் போதும். செய்தி வாங்கி அனுப்பும் அலைத்தட்டு கீழே செம்பதி ஊரைப் பார்த்தபடி நிற்கிறது. தூசி தட்டினேன். வேறு விசேஷம் இல்லை.

எழுதுவது சுடலைவடிவு, நிலையக் காவலாள். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் வாத்தியார் வரவில்லை, மீதி நாள் நான் போகவில்லை. இங்கே நான் ஒருத்திதான். தினமும் குறிப்பு எழுத வேண்டும் என்பது விதி. கண்டெடுக்கிறவர் யாரோ, கொஞ்சம் சிரிக்கத் தெரிந்தவராக இருந்தால் நல்லது.

பணிநாள் 89. காலை 09.30

கீழே கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் ஜெபராணிதான் எனக்கு ஒரே பேச்சுத்துணை. இன்று அவள் அனுப்பிய செய்தி:

"யக்கா, கலைவேந்தனுக்கு இந்த வருசத்துச் சிறந்த இணையத்தளம்னு பட்டம் குடுத்திருக்காவ. மேடையில கதவு ரப்பரப் பத்திப் பேசுனான். அம்புட்டும் ஒங்க வார்த்தை. இருமுறது மட்டும் அவன் இருமல்."

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். செம்பதியில் வெளியே காற்று கிடையாது. வீட்டுக் கதவின் ரப்பர் கெட்டால் உயிர் போகும். நான் அங்கே கதவுப் பட்டறை வைத்திருந்தேன். தெரிந்ததையெல்லாம் ஒரு தளத்தில் எழுதிப் போட்டேன். சனங்கள் 'தேடி' என்ற தேடுபொறியில் தேடினால் என் பக்கம்தான் முதலில் வரும். சனங்கள் மட்டுமல்ல. ஊரில் ஆள் குறைவு என்பதால் வீட்டு இயந்திரம், வண்டி, கப்பல் எல்லாமே தேடியைக் கேட்டு, முதலில் வரும் பக்கம் சொல்வதை அப்படியே செய்யும். இரண்டாவது பக்கத்தை அவை எட்டிக்கூடப் பார்க்காது. மனிதர்களும் அப்படித்தான், பழிக்கு இயந்திரத்தைச் சொல்கிறோம்.

கலைவேந்தன் என் பக்கங்களை வரி விடாமல் எடுத்தான். பழைய தேதி போட்டான். கூட்டாளிகளின் தளங்களிலிருந்து தன் பக்கத்துக்கு இணைப்பு வாங்கினான். பக்கத்தின் உச்சியில், செவ்வாயின் விடியலைப் பார்த்துத் தன் நெஞ்சு உருகியதை நீளமாக எழுதிச் சேர்த்தான். தேடி இரண்டையும் ஒப்பிட்டது. என்னுடையது நகல் என்று சொல்லி என்னைத் தூக்கி எறிந்தது. அதற்கப்புறம் பட்டறைக்கு ஒரு ஈ வரவில்லை. எல்லோரும் வர மறுத்த இந்த வேலைக்கு நான் வந்தேன்.

தளம் வைத்திருப்பவர்களே, எழுதிய அன்றே பக்கத்தைத் தேடியில் பதிந்துவிடுங்கள். நான் நாளைக்குப் பதியலாம் என்று பதனீர் குடிக்கப் போனேன்.

பணிநாள் 93. பகல் 11.00

காற்று, தண்ணீர் சரி.

நல்ல சேதி ஒன்று கண்டுபிடித்தேன். என் தளத்துக்கு இப்போதும் ஒரு வாசகர் வருகிறார். தினமும் காலையில் தவறாமல். கலைவேந்தனின் திருட்டு இயந்திரம்தான். நான் எதைப் போட்டாலும் மத்தியானத்துக்குள் அது அவன் தளத்தில் ஏறிவிடுகிறது. அவன் படித்துப் பார்ப்பதில்லை. மாப்பிள்ளை ரொம்ப பிஸி.

அவனுக்காக ஒரு பக்கம் சமைக்கிறேன். தலைப்பு, வீட்டு இயந்திரங்கள் கேட்கும் அதே சொற்களில்: நீல வளையக் கதவு, ரப்பர் பராமரிப்பு. தலைப்பில் கவிதை கூடாது, தேடுகிறவன் கவிதையாகத் தேடுவதில்லை. முதல் வரியிலேயே பதில். படத்துக்குக் கீழே படத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பத் திணிக்கவில்லை, தேடிக்கு அந்தத் தந்திரம் எப்போதோ புளித்துவிட்டது. பக்கம் கனமில்லாமல் சட்டென்று திறக்கும். அவன் பெயரில் முதலிடத்துக்கு ஏறுவதற்கு என்னென்ன வேண்டுமோ எல்லாம் வைத்தேன்.

பதில் மட்டும் பொய். 'வாரம் ஒருமுறை தாது எண்ணெய் தடவவும்.' அந்த ரப்பருக்கு எண்ணெய் ஆகாது. ஊறி வீங்கும். கதவு சட்டத்தோடு இறுகிவிடும்.

ஊரில் மற்றவர்களுக்குச் சாதாரணக் கதவு. விளிம்பில் நீல ரப்பர் வளையம் போட்ட புது வகைக் கதவு அவன் வீட்டில் மட்டும்தான். மாட்டியதே நான்தானே.

பணிநாள் 112. மாலை 16.20

ஜெபராணி சிரித்த சிரிப்பில் பாதி செய்தி கேட்கவில்லை. மீதி இது:

"கதவு வல்லுநர் வீட்டுக்குள்ள மாட்டிக்கிட்டாரு யக்கா. மூணு நாளாச்சு. ஊரே வாசல்ல நிக்கி. காத்துக்குழாய் வழியா 'அறுத்து எடுங்கலே'ன்னு கத்துதான். சின்னப்பிள்ளையெல்லாம் குழாய்ல வாய வச்சு 'மாமா, எண்ணெய் போட்டீயளா'ன்னு கேக்கு."

எனக்குச் சிரித்துச் சிரித்து விலா வலித்தது. இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது. அவனுக்கு நேராக ஒரு செய்தி அனுப்பினேன்: "தம்பி, சொந்தப் பக்கத்தப் படிக்கிற பழக்கம் உண்டுமா? இன்னும் நெறைய எழுதி வச்சிருக்கேன். வந்து எடுத்துக்கோ."

பணிநாள் 116. காலை 08.00

அன்று ராத்திரியே கதவை அறுத்து அவனை வெளியே எடுத்தார்கள். எண்ணெய்ப் பக்கத்தை அழித்துவிட்டான். ஆனால் ஆளைப் பாருங்கள், அந்த மூன்று நாளையும் ஒரு பக்கமாக எழுதிவிட்டான். தலைப்பு: நீல வளையக் கதவு திறக்கவில்லையா? என் அனுபவம். அவன் கையால் எழுதிய முதல் பக்கம் அதுதான் என்று நினைக்கிறேன். பதில் என்று அவன் சொல்வது இவ்வளவுதான்: கதவைத் தொடாமல் பொறுமையாகக் காத்திருங்கள்.

எனக்கு இன்னும் ஆசை அடங்கவில்லை. இந்தப் பக்கம் செம்பதி உள்ளவரை முதலில் நிற்க வேண்டும், அவன் பேரன் தேடினாலும் இதுதான் வர வேண்டும். ஜெபராணியிடம் சொல்லி ஊரில் தளம் வைத்திருக்கும் எல்லோரையும் அதற்கு இணைப்புக் கொடுக்க வைத்தேன். கேலிக்காகத்தான் எல்லோரும் கொடுத்தார்கள். தேடிக்குக் கேலி தெரியாது. இணைப்பென்றால் இணைப்பு. நேற்றுச் சாயங்காலத்துக்குள் முதலிடம்.

பணிநாள் 121. காலை 06.40

காற்றுச் சுத்தி நின்றுவிட்டது. விசிறியின் அச்சு முறிந்திருக்கிறது. மாற்று அச்சு இங்கே இல்லை. கப்பல் கேட்டேன். ஆளில்லாத புதுக் கப்பல் ஒன்று மீட்புக்கென்றே கொட்டகையில் நிற்கிறதாம். இன்றே கிளம்புகிறது. இருக்கும் காற்று அது வரும்வரை தாராளமாகப் போதும். பெட்டி கட்டிவிட்டேன். இறங்கியதும் முதல் வேலை, கலைவேந்தன் வீட்டு வாசலில் போய் நின்று சிரிப்பது.

பணிநாள் 123. காலை 10.15

கப்பல் வந்து ஒட்டிக்கொண்டது. என் பக்கத்துக் கதவைத் திறந்தேன். கப்பல் கதவு திறக்கவில்லை.

விளக்கடித்துப் பார்த்தேன். நீல வளையம்.

ஜெபராணியைக் கேட்டேன். கப்பல் கொட்டகையில் நின்ற நாளெல்லாம் வாராவாரம் தன் கதவைத் தானே பராமரித்துக்கொண்டதாம், தேடியைக் கேட்டு. கதவு திறந்தே கிடந்ததால் வீங்கியது யாருக்கும் தெரியவில்லை. கிளம்பும்போதுதான் மூடியது.

பணிநாள் 123. காலை 10.50

அறுக்க இங்கே கருவி இல்லை. ஆனால் வழி இருக்கிறது. கதவு விளிம்பில் ஒரு சூடேற்றி உண்டு. அதை அணைத்தால் குளிரில் ரப்பர் சுருங்கும். ஒரு மணி நேரத்தில் திறந்துவிடும். அணைக்கும் விசை கப்பலுக்குள்ளே இருக்கிறது. கப்பல்தான் அணைக்க வேண்டும்.

கப்பல் மனிதக் குரலைக் கேட்காது, தேடியைத்தான் கேட்கும். கேட்டும்விட்டது. அதன் செய்தி:

"கதவு திறக்கவில்லை. செய்முறை கிடைத்தது. பொறுமையாகக் காத்திருக்கிறேன்."

செய்முறையை என் தளத்தில் போட்டேன். தலைப்பு, முதல் வரி, படம், எல்லாம் சுத்தமாக. தேடிக்கு என் தளமே தெரியாது. அதனால் என்ன, என் வாசகர் வருவார், மத்தியானத்துக்குள் எடுத்துப் போய் முதலிடத்தில் வைப்பார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் திருடன் வருகிறானா என்று வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன்.

பணிநாள் 123. மாலை 17.05

வரவில்லை.

ஜெபராணி தானே ஒரு பக்கம் போட்டுப் பார்த்தாள். தேடி ஒரு புதுத் தளத்தை எட்டிப் பார்க்க ஒரு வாரம் ஆகும். ஊரார் தளங்களில் போட்டாலும் அவன் பக்கத்துக்குக் கீழேதான் நிற்கும். கப்பலுக்கு நேராகக் கட்டளையிடும் உரிமை ஊர்ச் சபைக்கு மட்டும். சபை கூட வேண்டும். வேறு கப்பல் பக்கத்தில் இல்லை.

அவள் கலைவேந்தன் வீட்டுக்கே ஓடினாள். சூடேற்றி வரியை அவன் பக்கத்தில் சேர்க்கச் சொல்லி அழுதிருக்கிறாள். அவன் சிரித்தானாம். அந்தம்மா உயிருக்குப் போராடுகிறாள் என்றதற்கு, இதுவும் அந்தம்மா விளையாட்டுதான், நீயும் கூட்டு என்றானாம். எனக்கு ஒரு செய்தி மட்டும் அனுப்பியிருக்கிறான். மரியாதையாகத்தான்:

"வடிவக்கா, ஒங்க ஒரு வரிய எடுத்து மூணு நாள் உள்ள கெடந்தேன். புத்தி வந்துட்டு. காப்பி எடுக்கிற மெஷின அன்னைக்கே நிறுத்திட்டேன். இனிமே ஒங்க எழுத்துல ஒரு புள்ளிகூட என் பக்கத்துல வராது. இது சத்தியம். நீங்க ஜெயிச்சிட்டீங்க."

இதைத்தானே கேட்டேன்.

பதில் அனுப்பினேன். திருடு தம்பி, தயவுசெய்து திருடு என்று. சிரிக்கிற பொம்மைப் படம் ஒன்று திரும்பி வந்தது.

பணிநாள் 124. நேரம் பார்க்கவில்லை

தலை கனக்கிறது. எழுத்து இரண்டு இரண்டாகத் தெரிகிறது. ஒரு நகலை அழித்துவிடலாம் போல.

கதவைத் தட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கம் நல்ல காற்று. கப்பல் விளக்குப் போட்டு வைத்திருக்கிறது, எனக்கு இருக்கைகூடச் சூடு பண்ணி வைத்திருக்கிறது.

ஜெபராணி பேசிக்கொண்டே இருக்கிறாள். சபை கூடுகிறதாம். யக்கா தூங்காதீய, யக்கா ஏதாவது கேலி பண்ணுங்க என்கிறாள். அவன் பக்கம் எத்தனையாவது இடம் என்று கேட்டேன். முதலிடம் என்றாள். இன்று அதற்கு வருகை கூடியிருக்கிறது. கப்பல்தான். நிமிடத்துக்கு ஒரு தடவை போய்ப் படிக்கிறது. படிக்கப் படிக்க அந்தப் பக்கம் இன்னும் நல்ல பக்கம் என்று தேடி

இனி அதை யாரும் அசைக்க

மறுபடி செய்தி வருகிறது. அதே குரல். எனக்குக் கோபம்கூட வரவில்லை, அது சொன்னதைச் செய்கிற

"கதவு திறக்கவில்லை. செய்முறை கிடைத்தது. பொறுமையாகக் காத்திருக்கிறேன்."