நாலில் ஒருத்தி

சிவகாசி
16.09.2024

அன்பு மருமகள் ஆஷ்லினுக்கு, மாமா இன்பராஜ் எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஆண்டவரைக் கேட்டுக்கொண்டே தொடங்குகிறேன்.

போன் பண்ணினால் நீ எடுப்பதில்லை. அது உன் இஷ்டம். கோயம்புத்தூர் ஹாஸ்டல் விலாசத்தை உன் அம்மா வினோலியாவிடம்தான் வாங்கினேன். என் கூடப் பிறந்த தங்கச்சியே அதைக் கொடுக்க யோசித்தாள். "அவளத் திரும்பி வரச் சொல்லி எழுதிராதீக அண்ணே" என்றாள். அதற்கு எழுதவில்லை என்று சொன்ன பிறகுதான் கொடுத்தாள்.

உன் வீட்டுக்காரன் காலேப் இருக்கிறான். காலண்டர் சீசன், பிரஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை. சாப்பாட்டைக் கொறித்துவிட்டு எழுந்துவிடுகிறான். உங்கள் பிள்ளை டென்னிஸின் கல்லறைக்குப் போன வாரம் சிமெண்ட் பூசிப் பெயர் எழுதினோம். வயதை ஏழு மாதம் என்று எழுதும்போது காலேப் அங்கே நிற்கவில்லை, வெளியே போய்விட்டான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வயிற்றில் பிள்ளையோடு விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனிக்கு நீ வேலைக்குப் போனதால்தான் பிள்ளைக்கு இப்படி ஆயிற்று என்று உன் அத்தை பூரணி சொன்னாள். "புள்ளத்தாச்சி மருந்து வாடையில போய் உக்காந்தா புள்ளைக்குக் கைகாலு எப்பிடித் தெம்பாகும்" என்று அவள் கேட்டபோது நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தெருவும் அதையே சொன்னது. நீயும் அதை நம்பி, வேறு பெண்ணைப் பார்த்துக் கட்டிக்கொள்ளும்படி காலேப்பிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டாய். நீ ஆபீசில் உட்கார்ந்து பில் போட்டாய், அவ்வளவுதான். பட்டாசு மருந்துக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தம் இல்லை. இது எனக்கு அன்றே தெரியும்.

காலேப்புக்கு முன் எங்களுக்குப் பிறந்த சுகிர்தாவும் இதே தசைச் சிதைவு நோயில்தான் போனாள். அம்மா, அப்பா இருவரிடமும் அந்தக் கோளாறு மறைந்து இருந்தால்தான் பிள்ளைக்கு வரும். அதனால் உன் கல்யாணப் பேச்சு வந்தபோது மதுரை டாக்டர் உங்கள் இருவருக்கும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். முப்பது வருஷம் விலங்கியல் நடத்திய வாத்தியாருக்கு எதற்குப் பரிசோதனை? பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

பத்தாயிரம் பிள்ளைகளில் ஒன்றுக்கு நோய் வந்தால், ஜனங்களில் ஐம்பதில் ஒருவர் அதை மறைவாகச் சுமக்கிறார். காலேப் சுமக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. நீ ஐம்பதில் ஒன்று. இருவரும் சுமந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒன்று. பெருக்கினால் முந்நூற்றில் ஒன்று. எல்லாரிடமும் அந்தப் பேப்பரைக் காட்டினேன். உன் அம்மா நர்ஸ், அவளே தலையாட்டினாள்.

சர்ச்சில் உங்கள் கல்யாண அறிவிப்பாக இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை, பொண்ணின் தாய் என்று போதகர் ஐயர் உன் அம்மா பெயரைச் சொன்னார். அப்போதுதான் உறைத்தது. ஐம்பதில் ஒன்று என்பது யாரோ ஒரு வீட்டுப் பெண்ணுக்கு. நீ யாரோ இல்லையே அம்மா, என் தங்கச்சி மகள். நான் அதைச் சுமப்பவன் என்பது சுகிர்தா போனபோதே நிச்சயம். என் தங்கச்சிக்குப் பாதி வாய்ப்பு, உனக்கு அதில் பாதி. நீ நாலில் ஒருத்தி. முந்நூற்றில் ஒன்று என்றது இருபத்து நாலில் ஒன்றாகிவிட்டது. வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள், இங்கே வாத்தியாரே மக்கு.

எழுந்து சொல்லியிருக்கலாம். மூன்றாம் ஓலைக்கு ஒரு வாரம் இருந்தது. பத்திரிகை கொடுத்தாயிற்று, சொந்தம் விட்டுப்போகக் கூடாது, இருபத்து மூன்று பங்கு நல்ல பக்கம்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மக்காக இருந்தது பிழை. வாயை மூடியிருந்தது பாவம்.

நேற்று காலேப்பையும் பூரணியையும் உட்கார வைத்து எல்லாம் சொன்னேன். காலேப் எழுந்து பிரஸ்ஸுக்குப் போய்விட்டான். இன்னொரு பிள்ளை உண்டானாலும் நோய் வர அதே நாலில் ஒன்றுதான் என்பதையும், மூன்று மாதத்துக்குள் பரிசோதித்துத் தெரிந்துகொள்ள இப்போது வழி இருக்கிறது என்பதையும் அவனிடம் சொல்லிவிட்டேன். உன்னிடமும் மறைக்கவில்லை. சேர்ந்து வாழ்வதா, பிள்ளை வேண்டுமா என்பதெல்லாம் உங்கள் இருவர் முடிவு. இனி நான் யாருக்கும் கணக்குப் போட மாட்டேன்.

 பூரணிதான், "அப்பம் சுகிர்தாவுக்கும் நான் ஒண்ணும் பண்ணலையா?" என்று கேட்டாள். அவளை வயிற்றில் சுமந்தபோது தாயில்பட்டியில் தன் அம்மா வீட்டில் பட்டாசுக்குத் திரி வெட்டிக் கொடுத்தாளாம். அந்தக் கையால்தான் பிள்ளை போயிற்று என்று இத்தனை வருஷமும் நினைத்திருக்கிறாள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் இந்தப் பரம்பரைக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். பக்கத்தில் இருந்தவளுக்குச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. நீ காரணம் இல்லை என்று அவளிடம் சொன்னேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள் ஆஷ்லின். அப்படி ஓர் அழுகையை நான் சாவு வீட்டிலும் கேட்டதில்லை.

அவள் முப்பது வருஷம் சுமந்தாள். நீ இன்னும் ஒரு நாள்கூடச் சுமக்காதே, தாயே. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் வெறுத்துக்கொள். உன் பிள்ளைக்கு நீ அறிந்து கொடுத்தது பாலும் மடியும்தான். ஆண்டவர் உன் பக்கத்திலேயே இருப்பாராக.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்
இன்பராஜ்