வீட்டோரத்துப் பைன் மரம்

அன்புத் தங்கைக்கு,

நீ கேட்ட நீர்வண்ணப் படத்தை அனுப்புகிறேன். முன்னால் கரிந்த அடிக்கட்டைகள், நடுவில் எங்கள் மரவீடு, பின்னால் முடிவே தெரியாத கனடாக் காடு.

எப்படி நடந்தது என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாய்.

போன வருஷம் மே மாதம், வாசலில் உட்கார்ந்து இந்தப் படத்தை வரைந்துகொண்டிருந்தேன். உன் அத்தான் எட்மண்ட் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"வீட்டை இத்தனை சின்னதா வரைஞ்சா, பொண்ணை நாய்க்கூண்டுல வச்சிருக்கான்னு உங்கப்பா நினைக்கப்போறாரு."

"காடு அவ்வளவு பெருசு. நான் என்ன பண்ண?"

"அப்போ காட்டைச் சின்னதாக்கிடறேன்" என்று சிரித்துக்கொண்டே கோடரியோடு வீட்டோரத்துப் பைன் மரத்திடம் போனார். நான் வானத்துக்கு நீலம் பூசிக்கொண்டிருந்தேன்.

மரம் அவர் நினைத்த பக்கம் சாயவில்லை. பக்கத்து ஆண்கள் வந்து அதை அவர் மேலிருந்து புரட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

மீதிப் படத்தை நேற்றுதான் முடித்தேன். அடுத்த நிலத்து ஹன்னா பார்த்துவிட்டு, "அந்தப் பைன் மரம்தான் இப்ப இல்லையே, அதை ஏன்டி வரைஞ்சே?" என்றாள்.

"அது நிக்கட்டும் ஹன்னா" என்றேன். அவள் தேநீருக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டாள்.

அடுத்த கப்பலில் ஊருக்கு வந்துவிடு என்கிறாய். அவர் வயலோரத்து மண்ணில் இருக்கிறார். அந்த இடத்தில் முளைத்த மேப்பிள் கன்றுகளை இந்த வசந்தத்தில் என் கையால் பிடுங்கினேன். நான் வந்துவிட்டால், ஓரிரு கோடையில் காடு அவரை மூடிவிடும். எப்படி வருவேன், சொல்.

உன் அக்கா