கடல் பூவுக்கு நனைத்த சாக்கு

என் மூத்த மகளின் பையன் ஐந்தாம் வகுப்பில் முதலாவதாகத் தேறிவிட்டான். நான் படிப்பை நிறுத்திய இடத்தை அவன் தாண்டிப் போகிறான். அவன் தங்கை கொடைக்கானல் பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாவில் ஓடி ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கி வந்தாள். கடைக்குட்டி தன் பெயரைத் துணைக்கால் விட்டுப்போகாமல் எழுதிவிடுகிறான். கேட்டால் அவன் கன்னத்தைக் கிள்ளியிருப்பாய். நீ கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. ஆனாலும் உனக்குச் சொல்லாதவரை எந்தச் சேதியும் எனக்கு முழுசாவதில்லை.

இன்று காலை கோடை மழையில் நனைந்த பூண்டுச் சாக்குகளை என் வீட்டுக்காரர் அடுப்படி மூலையில் கொண்டுவந்து போட்டார். ஈரச் சாக்கு வாடை எழுந்தது. சோறு வடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே பெருமாள்மலைக் கடைவீதியில், உன் கருவாட்டுக் கடைக்குப் பின்னால் இருந்த தகரக் கூரை அறைக்குப் போய்விட்டேன்.

அப்போது நீ சுமந்தது மூன்றாவது பிள்ளை. முதல் இரண்டும் வயிற்றில் தங்கவில்லை. காலைத் தரையில் வைக்கவே கூடாது என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லிவிட்டார். சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் கட்டிலே கதி. ஜன்னலைத் திறந்தால் லாரிப் புகை, மூடினால் புழுக்கம். கீழ்நாட்டு ஜனம் குளிர் தேடி பஸ் பஸ்ஸாக மலையேறிப் போகும். நீ அந்தத் தகரத்துக்குக் கீழே வெந்துகொண்டு கிடந்தாய்.

உன் கால்மாட்டில்தான் அந்தக் கண்ணாடித் தொட்டி இருந்தது. நீ காக்கா என்று கூப்பிடும் உன் அண்ணன், கருவாட்டு லாரியில் கடல் தண்ணீரை ஜாடி ஜாடியாக ஏற்றி வந்து, உன் ஊர்க் கடலில் ஒரு துண்டை அதில் வைத்துக் கொடுத்திருந்தார். ஒரு பாறை, அதில் ஒட்டிக்கொண்டு விரல் விரலாக அசையும் ஒரு கடல் பூ, அதற்குள் போய் வந்துகொண்டிருக்கும் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன். பழைய லாரி டியூபில் காற்றடித்து, மெல்லிய ரப்பர் குழாய் வழியாகத் தண்ணீருக்குள் குமிழ் விடுவார் உன் வீட்டுக்காரர்.

தண்ணீர் சூடேறினால் பூ சுருண்டுவிடும் என்றாய். அதனால் தொட்டியின் மூன்று பக்கமும் சாக்கைச் சுற்றி, மண்பானைத் தண்ணீரால் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். உச்சி வெயிலில் தண்ணீருக்கு மேலே ஓலை விசிறியால் வீச வேண்டும். நானாகத்தான் ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்ட பிறகு நகர முடியவில்லை. சாக்கு காய்வதற்குள் வீட்டுக்கு ஓடி, வெரசாகத் திரும்பி வர வேண்டும்.

"மீனுக்கு விசிறி வீசுறவ, இந்த மாமியாளுக்கு ஒரு நாளாச்சும் வீசுனியாடி?" என்று என் மாமியார் வாசலில் வழிமறிப்பார்.

உன்னிடம் வந்து சொன்னேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "சிரிக்க வைக்காதீங்கக்கா, டாக்டரம்மா அடிப்பாங்க" என்றாய். சிரிப்பு நின்றதும் மெதுவாகச் சொன்னாய்: "அக்கா, ரெண்டு மீனும் இருந்தா நானும் புள்ளையும் ரெண்டு பேரும் இருப்போம்னு மனசுல வச்சிருக்கேன். யார்கிட்டயும் சொல்லிராதீங்க."

அன்றிலிருந்து எனக்கு விசிறி கனத்தது.

வீச வீசத் தொட்டியில் தண்ணீர் குறைந்தது. தினமும் இரண்டு விரல் அளவு. கடல் குறைந்தால் கடலைத்தானே ஊற்ற வேண்டும் என்று நினைத்து, ஜாடியில் இருந்த கடல் தண்ணீரையே ஊற்றி நிரப்பினேன். பத்து நாளில் கண்ணாடி விளிம்பில் வெள்ளை பூத்தது. பூ சுருங்கியது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"விரலை முக்கிட்டு வாங்க" என்று சொல்லி, என் விரலில் இருந்த சொட்டை உன் நாக்கில் வைத்துப் பார்த்தாய்.

"எதை ஊத்துனீங்க?"

"உன் கடல் தண்ணியத்தான்."

"அய்யோ அக்கா! வெயிலு தண்ணியத்தான் குடிக்கும், உப்ப அங்கனயே விட்டுட்டுப் போயிரும். எங்க ஊரு உப்பளத்துல வந்து பாருங்க. நல்ல தண்ணி ஊத்துங்க. ஒரு டம்ளர், பெறகு ஒரு டம்ளர்."

உப்பளம் பார்த்தவளுக்குத் தெரிந்தது. பூண்டு நட்டவளுக்கு எங்கே தெரியும்? ஊற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். பூ விரிந்தது. ஆனால் மூன்றாம் நாள் வெள்ளனே வந்து பார்த்தபோது, ஒரு மீன் பாறை ஓரத்தில் ஒருக்களித்துக் கிடந்தது. நீ தூங்கிக்கொண்டிருந்தாய். வடிகட்டியால் எடுத்து, முந்தானையில் மறைத்துக் கொண்டுபோய் வாழையடியில் புதைத்தேன்.

நீ விழித்ததும், "இன்னொன்னை எங்கக்கா காணோம்?" என்றாய்.

"பூவுக்குள்ள படுத்துக் கெடக்கு" என்றேன்.

அதன் பிறகு வந்த பதினேழு நாளும் நீ ஒரு தடவைகூட மறுபடி கேட்கவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்ததே, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. சாக்கை நனைத்தேன், விசிறினேன், வாய் ஓயாமல் பேசினேன். எழுந்து வீட்டுக்குப் போனாலும் அந்த அறையை விட்டு வெளியே வந்ததாகத் தோன்றாது.

மகள் பிறந்தாள். இரண்டு பேரும் நன்றாக இருந்தீர்கள். பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு, மீனைப் பற்றி நான் வாயெடுக்கும் முன்பே நீ சொன்னாய்:

"அன்னைக்கே தெரியுங்கக்கா. படுத்துக்கிட்டு நான் வேற எதைப் பாத்தேன்? உங்க முந்தானை ஈரத்தையும் பாத்தேன். ஒன்னுதான் தங்கும்னா புள்ள தங்கட்டும், நான் போறேன்னு மாத்தி நெனச்சுக்கிட்டேன்."

அதற்கப்புறம் நீ பன்னிரண்டு வருஷம் இருந்தாய். அந்த மகளுக்குச் சடை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பினாய், என்னோடு சண்டை போட்டாய், ஈதுப் பெருநாள் தவறாமல் தேங்காய்ப்பால் வட்டிலப்பம் கொடுத்தனுப்பினாய். கடைசியில் வந்த காய்ச்சலுக்கும் அந்த மீனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் சுமப்பது அந்தப் பதினேழு நாளைத்தான். சாகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு ஒருத்தி கிடந்தாள். கை நீட்டினால் தொடும் தூரத்தில் உட்கார்ந்து நான் விசிறிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து பயந்திருப்போம். உன்னைத் தனியாகப் பயப்பட விட்டுவிட்டேன்.

உன் மகள் இப்போது உன் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். மாதம் ஒரு கார்டு வருகிறது, 'நலம்' என்ற ஒரே வார்த்தையோடு. இன்றைக்கு அவளுக்கு நான் எழுதப் போவது இதுதான்: 'நலம் என்று மட்டும் எழுதாதே, கண்ணு. அழுதால் அழுதேன் என்று எழுது. பயமாக இருந்தால் எதற்குப் பயம் என்று எழுது. பெரியம்மா தாங்குவேன். என்னிடம் இருப்பது உன் இரண்டு வயதுப் படம். புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடு. சிரிப்பு வரவில்லை என்றால் சிரிக்காமலே எடு.'