எஸ்தரக்காவும் காய்ச்சல் நோட்டும்

என் எஸ்தரக்காவுக்கு,

டீயைக் குடித்துவிட்டு நிதானமாகப் படி. ஓவர்லாக் மிஷினில் பீஸ் தள்ளுகிற வேகத்தில் படித்தால் பாதியிலேயே என்மேல் கோபம் வந்துவிடும். கோபப்படு, வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைசி வரைக்கும் வந்துவிட்டுக் கோபப்படு.

நீ இருந்தவரை உன்னை வாங்க போங்க என்றுதான் கூப்பிட்டேன். எங்கள் அவிநாசிப் பக்கம் நாய்க்குட்டியைக்கூட மரியாதையாகத்தான் விரட்டுவோம். "ஏன் பிள்ள, வாங்க போங்கன்னு சொல்லிச் சொல்லி என்னயக் கிழவி ஆக்குத?" என்று உன் தூத்துக்குடிப் பேச்சில் சிரிப்பாய். இன்றைக்கு நீ கேட்டபடியே 'நீ' போட்டு எழுதுகிறேன். பழக்கமில்லாததால் கை கூசுகிறது.

முதலில் நம் பனியன் கம்பெனி செய்தி. நம் லைனில் இப்போது பாதிப் பேர் இந்திக்காரப் பிள்ளைகள். நூல் பிசிறை வெட்டு என்பதை இந்தியில் சொல்லக் கற்றுக்கொண்டேன். நான் சொன்னால் அவர்கள் சிரிக்கிறார்கள், ஆனால் வெட்டிவிடுகிறார்கள். உன் மிஷினை விற்றாயிற்று. அந்த இடத்தில் தண்ணீர் கேன் வைத்திருக்கிறார்கள்.

உன் மகள் ஜெனி என்னிடம்தான் செக்கிங்கில் இருக்கிறாள். இருபது வயதாகிவிட்டது. பத்தாவதில் எல்லோரும் பாஸ் என்றார்களே, அதோடு நின்ற படிப்புதான். வீட்டில் இருந்தது ஒரே போன், அதை நீ வேலைக்கு எடுத்து வந்துவிடுவாய், பாடமோ போனில் வந்தது. அப்புறம் நீ படுத்துவிட்டாய். படிப்பை யாரும் நிறுத்தவில்லை, அதுவாக நின்றுபோயிற்று. ஆனால் கண் இருக்கிறதே அக்கா, அது உன் கண். ஒரு டீசர்ட்டை உள்பக்கம் திருப்பிப் போட்டால் ஒற்றைத் தையல் விட்டிருப்பதும் அவளுக்குத் தெரியும்.

அந்தக் கண்தான் போன சனிக்கிழமை என்னைப் பிடித்தது.

ஸ்டோர் ரூமைச் சுத்தம் செய்து பழைய ரிஜிஸ்டர்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போடச் சொன்னார்கள். மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஜெனி, நீல அட்டை போட்ட ஒரு நீள நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நாம் காய்ச்சல் நோட்டு என்று சொல்வோமே, அது.

ஊரே அடைத்துக் கிடந்தபோது நம் கம்பெனி மாஸ்க் தைக்க அனுமதி வாங்கியது நினைவிருக்கும். உன் லைன் வீட்டு வாசலுக்கே பாஸ் ஒட்டிய வேன் வரும். கேட்டருகே நான் காய்ச்சல் மெஷினோடு நிற்பேன். வெயிலில் வந்து இறங்கியவர்களுக்கு நெற்றி சுட்டுப் பொய்க் காய்ச்சல் காட்டும் என்பதால், வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்று ஈரக் கர்சீப்பால் முகத்தைத் துடைத்துவிட்டுத்தான் எல்லோரும் வரிசைக்கு வருவீர்கள். சூடு எவ்வளவு, சளி இருமல் உண்டா, வாசனை தெரிகிறதா, வேறு தொந்தரவு ஏதாவது உண்டா என்று கட்டம் கட்டமாக நான் எழுத, கடைசிக் கட்டத்தில் நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள். எதிலாவது 'உண்டு' என்று விழுந்தால் பதினான்கு நாள் வீட்டில். அந்தப் பதினான்கு நாளுக்கு ஷிப்ட் கிடையாது, கூலியும் கிடையாது.

ஜெனி ஒரு பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தாள்.

"சித்தி, இந்த வெள்ளிக்கிழமை அம்மா வேலைக்கே வரல. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கை தூக்க முடியலன்னு படுத்திருந்தாங்க. நாந்தான் தலை சீவி விட்டேன். இங்க எல்லாம் 'இல்லை'ன்னு எழுதி, கையெழுத்தும் இருக்கு."

"ஏதாச்சும் தப்பா எழுதியிருப்பாங்க கண்ணு."

"எழுதுனது நீங்கதான? இது அம்மா கையெழுத்தும் இல்ல. அம்மா கடைசி எழுத்துக்கு வால் நீட்டிப் போடுவாங்க."

நம் சரக்கை வாங்கும் வெளிநாட்டுப் பையர் வீடியோவிலேயே ஆடிட் செய்த காலம் அது. எந்த நேரம் நோட்டைக் காட்டச் சொல்வார்கள் என்று தெரியாது. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் ஆபீசில் என்னைத்தான் பிடித்துக்கொள்வார்கள். அதனால் முதல் சில வாரங்களுக்குப் பிறகு, திங்கட்கிழமையே வாரம் முழுவதற்கும் எழுதி, எல்லோர் கையெழுத்தையும் நானே போட்டுவைத்துவிடுவேன். என் நோட்டில் அந்த வாரம் யாருக்கும் ஒரு தலைவலிகூட வர வழியில்லை.

இதை அவளிடம் சொல்லிவிட்டேன். திட்டு விழும் என்று நினைத்தேன். அவள் அந்தக் கடைசிக்கு முந்தைய கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு, "வேறு தொந்தரவு இல்லைன்னு எழுதியிருக்கீங்களே, அப்ப அம்மா யாருட்டயும் சொல்லலையா சித்தி? முதல்லயே தெரியாதா?" என்று கேட்டாள்.

நீ செத்த அன்றிலிருந்து நான் பயந்துகொண்டிருந்த கேள்வி அக்கா இது.

நீ சொன்னாய். மாஸ்க் தைக்க ஆரம்பித்த இரண்டாவது வாரம், அதே வரிசையில். நான் பேனாவோடு 'வேறு தொந்தரவு' என்று கேட்டபோது குரலைத் தாழ்த்தி, "மார்ல ஒரு கட்டி மாதிரி தட்டுது பிள்ள. அத எந்தக் கட்டத்துல எழுதுவ?" என்றாய். சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். நான், "அதையெல்லாம் எழுதுனா கேட்டுக்குள்ள உடமாட்டாங்கக்கா. இப்பப் போய் ஆஸ்பத்திரில நின்னீங்கன்னா இல்லாத கொரோனாவும் ஒட்டிக்கும். இந்த மாஸ்க் ஆர்டர் போகட்டும், அப்புறம் பாத்துக்கலாமுங்க" என்றேன். 'இல்லை' என்று எழுதினேன். நீ வால் நீட்டிக் கையெழுத்துப் போட்டாய்.

ஆர்டர் போயிற்று, அடுத்தது வந்தது. நீ ஒரு நாள் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாய். அவசரக் கேஸ் தவிர மற்றதை இப்போது பார்ப்பதில்லை, முடிந்தால் கோயம்புத்தூர் போங்கள் என்றார்கள். பஸ் மாவட்ட எல்லையோடு நின்றிருந்த நேரம். கம்பெனிக்கு வர உனக்கு வேன் இருந்தது, பாஸ் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக இரண்டும் இல்லை. ஒரு வழியாக ஆஸ்பத்திரியில் உன்னைப் பரிசோதித்தபோது, கட்டி அக்குள் வரைக்கும் போய்விட்டது, ஏன் இத்தனை நாள் விட்டீர்கள் என்று டாக்டர் கேட்டார். நீ அவருக்குப் பதில் சொல்லாமல், பக்கத்தில் நின்ற நர்சம்மாவின் பாதுகாப்பு உடுப்பைப் பார்த்து, "தோள்ல தையல் விட்டிருக்கும்மா. இது எங்க கம்பெனி உருப்படி இல்ல" என்றாய். நான் அங்கேயே சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

ஊரை அடைத்தது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டாவது அலையில் எங்கள் வீதி டீக்கடைக்காரர் ஆக்சிஜனுக்குக் காத்திருந்து ஆம்புலன்சிலேயே போனார். அடைக்காமல் விட்டிருந்தால் அவரைப் போல இன்னும் எத்தனை பேர் போயிருப்பார்களோ. வயதான என் மாமியார் இன்றைக்கும் உட்கார்ந்து என்னைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றால், அதில் அந்த அடைப்புக்கும் பங்கு இருக்கலாம். அதை நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் தினமும் சாயங்காலம் டிவியில் கொரோனாச் சாவு என்று ஒரு எண் சொன்னார்களே, அதில் நீ வரவில்லை. நீ போனது இரண்டு வருஷம் கழித்து, புற்றுநோய் என்ற பெயரில். சாயப்பட்டறை பாய்லர்காரர் சர்க்கரை மாத்திரை தீர்ந்து, அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டு ஒரு காலையே இழந்தார். அவரும் அந்த எண்ணில் இல்லை. ஜெனியின் படிப்பை எந்த எண்ணில் சேர்ப்பது? நோய் ஒன்றுதான் என்பது போல எல்லோரும் நடந்துகொண்டோம் அக்கா. மேலே இருந்தவர்களை மட்டும் சொல்லி நான் தப்பிக்க முடியாது. கேட்டில் பேனா பிடித்து நின்றது நான்தான். சூடு சரியாக இருந்தால் ஆள் சரியாக இருக்கிறாள் என்று எழுதியதும் நான்தான். இருபது வருஷமாகத் துணியை உள்பக்கம் திருப்பிப் பார்க்காமல் பாஸ் பண்ணாதவள், உன்னை மட்டும் வெளிப்பக்கம் பார்த்து உள்ளே அனுப்பினேன்.

அவ்வளவையும் ஜெனியிடம் சொன்னேன், ஸ்டோர் ரூமிலேயே, மூட்டைமேல் உட்கார்ந்து. அவள் அழவில்லை. "அப்ப அம்மாக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். எனக்கு மட்டுந்தான் தெரியாது" என்றாள். நோட்டை மூட்டையில் போடாமல் தன் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. எதிர் டேபிளில் இருந்துகொண்டு பீஸைத் தள்ளினாள், அவ்வளவுதான். நீ போனபோது இருந்ததைவிட அந்த மூன்று நாள் எனக்கு வெறிச்சென்று இருந்தது. உண்மையைச் சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்றுகூட நினைத்தேன். நீயே சொல், நினைத்தது தப்பா?

நான்காம் நாள் டீ நேரத்தில் வந்து நின்றாள். "அம்மாவைப் பார்த்த டாக்டர் என்னைய வருஷம் ஒருக்கா வந்து காட்டச் சொன்னாரு. நான் போகவே இல்ல. உங்க வயசுக்கும் பார்க்கணும்னு அப்பவே சொன்னாரே, நீங்க போனீங்களா?"

"போகோணும். இந்த ஆர்டரை ஏத்திட்டுப் போலாங் கண்ணு."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே உறைத்தது. அவள் விடவில்லை.

"இதத்தான அம்மாட்டயும் சொன்னீங்க?"

அவள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு இன்னொரு தடவ இதப் பாக்க முடியாது சித்தி" என்றாள். அப்போதுதான் அழுதாள். அழுகை எங்கிருந்து வருகிறது என்று அப்போதுதான் புரிந்தது. கோபத்தில் பேசாமல் இருக்கிறாள் என்று நினைத்தேனே, பிள்ளை பயத்தில் இருந்திருக்கிறாள்.

வருகிற வியாழக்கிழமை இரண்டு பேரும் போகிறோம். ஷிப்மெண்ட் வாரம்தான், மேனேஜர் முகத்தைத் தூக்கிக்கொண்டார், தூக்கட்டும். லீவு லெட்டரில் வழக்கம்போல 'சொந்த வேலை' என்று எழுதப் போனேன். ஜெனி பேனாவைப் பிடித்து நிறுத்தினாள். 'மார்புப் பரிசோதனை' என்று எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார். இன்று காலை லைனில் இரண்டு பெண்கள் என்னிடம் தனியாக வந்து, நாங்களும் வரலாமா அக்கா என்று கேட்டார்கள்.

என்ன சொல்வார்களோ தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. எதுவாக இருந்தாலும் அன்றைக்கே ஜெனியிடம் சொல்லிவிடுவேன், அவளிடமும் கேட்டுக்கொள்வேன். இனி வருஷா வருஷம் அவளைக் கூட்டிக்கொண்டு போவது என் பொறுப்பு. உனக்கு 'இல்லை' என்று எழுதிய கை, இனி கேட்காமல், பார்க்காமல் யாருக்கும் அந்த வார்த்தையை எழுதாது. இதை உன்னிடம் சத்தியமாகச் சொல்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் உன் பெயரை நான் போட்டேன். இந்தக் கடிதத்தில் என் பெயரை நானே போடுகிறேன்.

உன் கூடப்பிறக்காத தங்கச்சி,
சாந்தாமணி