இரண்டாம் தாள்

1939, பங்குனி 9

வரலாற்றுத் தேர்வின் முதல் தாள் முடிந்தது. முடிந்தது என்பதா, முடித்துக்கொண்டேன் என்பதா?

கடைசி வினா ஏதென்சு நகரின் பொதுமன்றத்தைப் பற்றியது. எத்தனை தமிழ் மேடைகளில் நான் முழங்கிய பொருள்! முதல் பத்தியை முறைப்படி ஆங்கிலத்தில் எழுதினேன். இரண்டாம் பத்தியில் ஒரு சொல் வரவில்லை. பேனா நின்றது, கடிகாரம் நிற்கவில்லை. முதலில் தமிழில் எழுதிப் பின்னர் ஆங்கிலமாக்கிக்கொள்வோம் என்று ஒரு வரியைத் தொடங்கினேன். அவ்வளவே. கண்மாய் மடை திறந்தாற்போல் வந்தது. எதிரே கூட்டம் அமர்ந்து கைதட்டுகிறது என்றே தோன்றிற்று. மணி அடித்தபோது இரண்டு பக்கம் தமிழ். தமிழில் எழுதிய விடையைத் திருத்தமாட்டார்கள். அந்த விடைக்குச் சுழிதான்.

கல்லூரி வாயிலில் சொக்கநாதன் நின்றான். திருமயத்துப் பக்கம் வணிகர் வீட்டுப் பிள்ளை; எதையும் நகையாடாமல் விடமாட்டான். அருகே சிவசாமி. குளத்தூர்ப் பக்கத்து உழவர் வீட்டுப் பிள்ளை. என் பேச்சு எங்கே நடந்தாலும் முன்வரிசையில் இருப்பவன். ஒரே வகுப்பாயினும் என்னினும் இளையவன்.

“ஏம்ப்பா ஆண்டியப்பா, பேயறைஞ்ச மாதிரி வர்ற?” என்றான் சொக்கன்.

“கடைசி விடையைத் தமிழில் எழுதினேன்” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேனா? “வேண்டுமென்றே எழுதினேன். திருத்துகிறவன் தமிழ் படித்துக்கொண்டு வரட்டும்!”

“திருத்துறவரு வெள்ளக்காரரா இருந்தா? எறும்பு மைக்கூட்டுல விழுந்து எந்திரிச்சுப் போயிருக்குன்னு நெனச்சுக்கிருவாரு.”

சிவசாமி சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பங்குனி 10

ஊர் அறிந்துவிட்டது. கீழராச வீதிக் காப்பிக் கடையில் முன்பின் அறியாத ஒருவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். “பரீட்சைத் தாள்லயே தமிழ் எழுதுன தம்பி இவருதானாம்” என்று அடுத்தவரிடம் சொன்னார். நான் மறுக்கவில்லை. இனித்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

மாலையில் சிவசாமி வீட்டுக்கு வந்தான். “அண்ணே, நாளைக்கு ரெண்டாம் தாளும் தமிழ்லதான் எழுதுவீங்களா?”

இல்லை என்னும் ஒரு சொல் போதும். ஆனால் அதற்குள் ஒரு விடை நாவில் உருண்டு திரண்டு வந்துவிட்டது. “தாயை ஒருநாள் தாய் என்று அழைத்து, மறுநாள் அண்டைவீட்டுக்காரி என்பவன் மகனா, சிவசாமி?”

நல்ல வரி. அடுத்த கூட்டத்துக்கு ஆகும் என்றுகூட எண்ணினேன். அவன் கண் கலங்கிவிட்டது.

பங்குனி 11

பிரெஞ்சுப் புரட்சி முதலாக ஐந்து விடைகள். ஐந்தையும் ஆங்கிலத்தில் எழுதினேன். மெல்ல, பிழை பார்த்துப் பார்த்து எழுதினேன். முதல் தாளில் இழந்ததை இதில் ஈடுகட்ட வேண்டும் அல்லவா? அல்லவா!

எனக்கு முன்னே தொலைவில் சிவசாமி. அவன் கை ஓரிடத்திலும் நிற்கவில்லை. தோளின் அசைவே காட்டிற்று: அது ஆங்கிலம் எழுதும் கையன்று. எழுந்து போய்த் தடுக்க முடியுமா? முடியாது. நேற்று முடிந்திருக்கும்.

வாயிலில் ஓடி வந்தான். “அண்ணே, அம்புட்டும் தமிழு! ஒரு எடத்துலகூட பேனா நிக்கலண்ணே. எழுதி முடிக்கிற மட்டும் ஒங்க கொரலுதான் காதுல கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நீங்களும் அம்புட்டும் தமிழ்தானே?”

“ம்” என்றேன்.

ஆயிரம் பேர்முன் மூச்சு விடாமல் முழங்குகிறவன் நான். ஒருவன்முன் ஓர் எழுத்து. என்ன செஞ்சு தொலைச்சேன்? எதுக்குடா ‘ம்’னு சொன்ன?

பங்குனி 12

உறக்கம் இல்லை.

பங்குனி 20

எழுது என்று நான் அவனிடம் சொன்னேனா? சொல்லவில்லை. வினவியதற்கு ஒரு வினாவையே விடையாகக் கொடுத்தேன். வழக்குமன்றமாயின் இதைக்கொண்டே வென்றுவிடுவேன். ஆனால் எந்த மன்றத்தில் நிற்கிறேன்? எவர் என்னைக் குற்றம் சாட்டினார்?

இன்னின்ன மன்னன் செருக்கால் கெட்டான், அவனை நம்பிய குடிகளும் கெட்டனர் என்று ஈராண்டு எழுதிப் பழகிய கை இது. எவ்வளவு எளிதாக எழுதியது!

சித்திரை 20

திருமயம் கோட்டையடியில் கூட்டம். ‘விடைத்தாளிலும் தமிழ் காத்தவர்’ என்று தலைவர் என்னை அறிமுகப்படுத்தினார். தாய், அண்டைவீட்டுக்காரி வரியைச் சொன்னேன். கைதட்டல் ஓய நெடுநேரமாயிற்று. என் வாழ்வில் நான் பேசிய பேச்சுகளில் அதுவே சிறந்தது. அதுவே கீழானது.

கூட்டம் கலைந்தபின் சிவசாமியின் தந்தை கண்ணுசாமி வந்தார். தோள்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, மகன் வயதுடைய என்முன் நின்றார். “தோள்ல போடுங்க ஐயா” என்றேன், கேட்கவில்லை.

“தம்பி, பயலுக்குக் கொளத்தூர்த் தாலுக்காக் கச்சேரியில எழுத்து வேலைக்குச் சொல்லி வச்சிருக்கு. ஆடி ஒண்ணாந்தேதி சேரணும். பாஸுன்னு பேப்பர்ல வந்தாப் போதும்னாக. வந்துரும்ல?”

“வரும்” என்றது என் வாய்.

ஆனி 4

நாளிதழில் முடிவு வந்தது. சொக்கன் இரண்டாம் வகுப்பு. நான் மூன்றாம் வகுப்பு. சிவசாமியின் எண் இல்லை. விரலை வைத்து மறுபடியும் பார்த்தேன். இல்லை.

சொக்கன் என்னைத் தனியே அழைத்துப் போனான். “ஒனக்குப் பின்னாடி பெஞ்சுலதான் நான் ஒக்காந்திருந்தேன். ரெண்டாம் தாள்ல நீ எழுதுனது என்ன பாஷைன்னு எனக்குத் தெரியும். எல்லாத்தையும் கேலி பண்ணுவேன், இதப் பண்ணல. நீயா அவன்கிட்டச் சொல்லிரு. செப்டம்பர்ப் பரீட்சை இருக்கு. இங்கிலீஷ்ல எழுதிப் பொழச்சுக்கிருவான்.”

ஆனி 5

சிவசாமி வந்தான். அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். வாழ்த்த வந்திருந்தான்! கையில் எலுமிச்சம்பழம்.

“ஒங்க தமிழ ஏத்துக்கிட்டாங்கல்லண்ணே? அப்பத் தமிழு செல்லும். என் தமிழுதான் பத்தல.”

செப்டம்பர்த் தேர்வைப் பற்றிச் சொன்னேன்.

“இங்கிலீஷ்லயா? நீங்க தமிழ்ல ஜெயிச்ச எடத்துல நான் போயி இங்கிலீஷ்ல எழுதுறதா? வேணாம்ணே. அதுக்கு மாடு மேய்க்கலாம்.”

எலுமிச்சம்பழம் மேசைமேல் இருக்கிறது. தொட மனம் வரவில்லை.

ஆனி 19

செப்டம்பர்த் தேர்வுக்குப் பெயர் கொடுக்க நாளையே கடைசி நாள். இன்று சொல்லிவிடுவது என்று உறுதி பூண்டு அவன் ஊருக்குப் போனேன். வழியெல்லாம் சொற்களை அடுக்கிப் பார்த்தேன். ஊருக்குள் நுழையுமுன்பே கண்மாய்க் கரையில் ஆள் கூடிவிட்டது. “வந்தது வந்தீங்க, நாலு வார்த்த பேசிட்டுப் போங்க தம்பி” என்றார்கள்.

நாலு வார்த்தை பேசத்தான் போனேன். பொழுது சாயும்வரை பேசினேன். அந்த நாலு வார்த்தை மட்டும் அதில் இல்லை. சிவசாமி முன்னே அமர்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தான். வண்டி ஏற்றிவிட்டுக் கும்பிட்டான்.

ஆனி 20

நாள் முடிந்தது.

ஆடி 2

கச்சேரி வேலை வேறொருவனுக்குப் போயிற்று. சொக்கனின் தந்தை, பினாங்கிலுள்ள தம் கடைக்குச் சிவசாமியை எடுபிடி ஆளாக அனுப்புகிறார். மூன்றாண்டு கழித்தே திரும்ப முடியும். “எதோ நம்மளால ஆனது” என்றான் சொக்கன். கேலி இல்லை அவன் குரலில். ‘நம்மளால’ என்று என்னையும் சேர்த்துக்கொண்டானா? கேட்கவில்லை.

ஆடி 11

நாகப்பட்டினத்தில் கப்பல். திருச்சிராப்பள்ளி செல்லும் தொடர்வண்டியில் சிவசாமியை ஏற்றிவிடப் போனேன். கண்ணுசாமி கூசாவில் தண்ணீர் பிடிக்கப் போனார். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அடுக்குமொழியும் இல்லை, எடுப்பான குரலும் இல்லை.

“ரெண்டாம் தாள நான் இங்கிலீஷ்லதான் எழுதுனேன், சிவசாமி. மொதத் தாள்லயும் இங்கிலீஷ் வராமத்தான் தமிழ்ல எழுதுனேன்.”

மடிமேல் இருந்த மூட்டையைக் கீழே வைத்தான்.

“அப்ப என் தமிழ்ல கொறையில்லையாண்ணே?”

“இல்ல. அத யாரும் படிக்கவே இல்ல.”

அவன் முகம் மலர்ந்தது. முடிவு வந்த நாள்தொட்டுக் காணாத மலர்ச்சி. கூசாவை உள்ளே நீட்டிய கண்ணுசாமி அதைக் கண்டார். “பய சிரிச்சுக்கிட்டே போறான் பாத்தீங்களா? எல்லாம் நீங்க வந்ததுனாலதான் தம்பி” என்றார்.

வண்டி நகர்ந்தது. சன்னலோடு நானும் நடந்தேன். நடக்க நடக்கக் கண்டேன், அந்த மலர்ச்சி வடிவதை. எண்ணிப் பார்க்கிறான். கல்லூரி வாயில், எலுமிச்சம்பழம், கண்மாய்க் கரை, ஒவ்வொன்றாக அவன் முகத்தில் வந்து நின்றன. எழுந்து அந்தப் பக்கத்துச் சன்னலுக்குப் போய், எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டான்.

ஆடி 25

கீரனூர்க் கூட்டத்தார் காலையில் துண்டறிக்கை கொண்டுவந்தனர். என் பெயருக்குமேல் ‘விடைத்தாளிலும் தமிழ் காத்தவர்’ என்று தடித்த எழுத்து. அது உண்மையன்று என்றேன். “தன்னடக்கத்தப் பாருங்க” என்று சிரித்தனர். நடந்ததை முழுதும் சொன்னேன். சிரிப்பு நின்றது. ஒருவர் துண்டறிக்கைக் கட்டை மெல்லக் கக்கத்தில் செருகிக்கொண்டார். வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகக் கூறிப் போயினர்.

மாலைவரை வீட்டிலேயே இருந்தேன். ஆத்தா சோறு போட்டுக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள்.

“அவுக போனதுலேருந்து ஒரு சத்தத்தையும் காணோம். தொண்ட கட்டிக்கிருச்சா?”

இல்லை என்றேன்.