ஏறாத வண்டி

ஆகஸ்ட் 12, செவ்வாய்.

தினமும் நடந்தால் தூக்கம் தானாக வரும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து காலையில் பாகூர் ஏரிக்கரைக்குப் போகிறேன். ஆனால் முழுசாக நடந்தபாடில்லை. வயசானவன் நடந்து போவதைப் பார்த்தால் இந்த ஊரில் எவனும் வண்டியை நிறுத்தாமல் போவதில்லை. முகத்தை முறிக்க முடியாமல் நானும் ஏறிக்கொள்வேன்.

இன்று பால்கார முருகன் நிறுத்தினான். "ஏறுங்க பாய், கடையாண்ட வுட்டுடறேன்."

"வேணாம்பா. நடக்கத்தான் வந்தேன்."

அவன் முகம் சுண்டிப்போனது. நான் என் கடைவரை நடந்தே வந்தேன்.

சாயங்காலம் கடைக்கே வந்துவிட்டான். "எம்மேல இன்னா கோவம் பாய்? பால் தண்ணியா இருந்துச்சா?"

எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. தொங்கிய முகத்தோடேயே போனான். அதுதான் மனசில் உறுத்துகிறது.

"பாவம், நாளைக்கு ஒருநாள் ஏறிக்கினு போங்க" என்கிறாள் என் மனைவி நூர்ஜஹான்.

ஏறமாட்டேன். வேண்டுமானால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அவன் என்னோடு நடக்கட்டும்.

தூக்க மாத்திரை தலைமாட்டில் அப்படியே கிடக்கிறது. கால் வலிக்கிறது. கண் சொக்குகிறது. விளக்கை நூர்ஜஹானே அணைக்கட்டும்.