காலியாகாத சிமிழ்

ஜனவரி 18, ஞாயிறு

சலேத்தம்மா இன்றும் வாயைத் திறக்கவில்லை.

இத்தனை வருடமாகப் பிள்ளைகளை வாயை மூடச் சொல்லியே சம்பளம் வாங்குகிறவள் நான். ஞாயிற்றுக்கிழமை ஒரு வயதானவரின் வாயைத் திறக்கவைக்க முடியாமல் நிற்கிறேன்.

எங்கள் பங்குக் கோயிலின் நோயாளர் சந்திப்புக் குழுவில் எனக்குத் தந்தது இரண்டு வீடுகள். ஏழு மணிப் பூசை முடிந்ததும் நற்கருணை அப்பம் வைத்த சிறு சிமிழைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். இடுப்பு உடைந்து கிடக்கும் இன்னாசி மாஸ்டரால் தொல்லை இல்லை. நற்கருணையை வாங்கிக்கொண்டு, அரசியலும் பேசி முடித்துத்தான் என்னை விடுவார். அடுத்தது கட்டுகஸ்தோட்டையில் அந்த மேட்டு வீடு. நத்தார் பண்டிகைக்கு முன்னர் பாரிசவாதம் வந்து சலேத்தம்மாவின் பேச்சும் வலது கையும் போய்விட்டன. புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது என்கிறாள் மருமகள் நிரோஷா. நான் அப்பத்தை உயர்த்தி "கிறிஸ்துவின் திருவுடல்" என்றதும் உதட்டை இறுக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிடுகிறார். இன்றும் அப்படியே. பிறகு இடது கையால் ஸ்டூல் மேலிருந்த கோப்பையைக் காட்டினார். தாகம் போல. அடியில் மிச்சமிருந்த தேநீரைக் கரண்டியால் ஊட்டினேன். அதையும் விழுங்காமல் கன்னத்தில் வழியவிட்டு அழுதார். என்னதான் வேண்டும் இவருக்கு?

இதில் இன்னொரு கொடுமை. சிமிழில் நற்கருணை இருக்கும்வரை வழியில் பேச்சு கிடையாது. கோயிலுக்குத் திருப்பிக் கொண்டுபோய்ப் பேழையில் வைக்கும்வரை எரிச்சலை அடக்கிக்கொண்டே வர வேண்டும். ஓட்டோக்கார முனாப்புக்கு இதெல்லாம் அத்துப்படி. நான் ஏறியதும் ரேடியோவை நிறுத்திவிடுவார். காலியாகத் திரும்பும் நாளில் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன். இன்று கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்து அவரும் பெருமூச்சு விட்டார்.

ஜனவரி 25, ஞாயிறு

சுவர். கோப்பை. கண்ணீர். எனக்கு வந்த கோபத்தை எழுதாமல் விடுவது நல்லது.

பெப்ரவரி 1, ஞாயிறு

என் கைதான் பிடிக்கவில்லையோ? பழைய ஆட்கள் குருவானவரின் கையால் தவிர வாங்கமாட்டார்கள். நான் என்ன ஆசைப்பட்டா இந்த வேலைக்கு வந்தேன்? ஆளில்லை என்று ஃபாதர்தானே கெஞ்சினார்.

நான் இருக்கும்போதே கட்டாரிலிருந்து சலேத்தம்மாவின் மகன் வீடியோவில் வந்தார். நற்கருணையை அவர்கள் நன்மை என்பார்கள். "அம்மா நன்மை வாங்கிட்டாங்களா டீச்சர்? நன்மை வாங்காம கண்ண மூடிறக்கூடாதுன்னு எப்பவும் சொல்லுவாங்க. இன்னொருதடவ வாதம் வந்தா தாங்கமாட்டாங்கன்னு டொக்டரும் சொல்லிட்டாரு."

வேண்டும் என்கிறார்கள். கொண்டுபோனால் வேண்டாம் என்கிறார். நான் யாரோடு மல்லுக்கட்டுவது?

பெப்ரவரி 7, சனி

மத்தியானம் ஃபாதரையே இழுத்துக்கொண்டு போனேன். சாப்பாடு முடித்துச் சாய்ந்து படுத்திருந்தார் சலேத்தம்மா. ஃபாதர் நெற்றியில் எண்ணெய் பூசியபோது கண்ணை மூடி அமைதியாக ஏற்றுக்கொண்டார். நற்கருணையை எடுத்ததும் அதே சுவர்.

என் கையில் குறையில்லை என்று உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம். கேவலம்தான், ஆனால் இருந்தது.

"கடவுள் மேல கோபமோ என்னமோ. வற்புறுத்தக் கூடாது டீச்சர்" என்றார் ஃபாதர். கோபக்காரர் எண்ணெயை மட்டும் ஏன் வாங்கினார் என்று கேட்டேன்.

பெப்ரவரி 22, ஞாயிறு

தவக்காலத்தின் முதல் ஞாயிறு. முனாப்புக்கும் நோன்பு தொடங்கிவிட்டது. நிரோஷா வழக்கம்போல ஓட்டோவுக்கே தேநீர் கொண்டுபோனாள். அவர் கோப்பையைக் காட்டிக் கையை ஆட்டி முகத்தைத் திருப்பினார். "நோன்பு தங்கச்சி, குறை நெனைக்காதீங்க."

உள்ளே நான் செய்த காரியத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. சலேத்தம்மா உதட்டை மூடியதும் கத்திவிட்டேன். "ஒங்களுக்கு வேணுமா வேணாமா? வேணாம்னா சொல்லிருங்க, நான் என் வேலயப் பாத்துக்கிட்டுப் போறேன்."

பேச்சு போனவரிடம் சொல்லிவிடச் சொல்கிறேன். கழுத்தில் சிமிழோடு.

நிரோஷா மாமியின் முகத்தைத் துடைத்தாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 1, ஞாயிறு

தலைவலி என்று சொல்லிச் சிமிழை வாங்கவில்லை. தலைவலி இல்லை. அந்த வீட்டை இதோடு நிறுத்திவிடலாம் என்றார் ஃபாதர். சரி என்றேன். நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

மார்ச் 6, முதல் வெள்ளி

ஒழுங்காக எழுதுகிறேனா தெரியவில்லை.

காலைப் பூசை முடிந்து, பாடசாலைக்கு முன்னர் இன்னாசி மாஸ்டருக்கு மட்டும் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஃபாதர் பழக்கத்தில் இரண்டு அப்பம் வைத்துவிட்டார். மாஸ்டர் வீட்டிலிருந்து அப்படியே மேட்டு வீட்டுக்குப் போகச் சொல்லி முனாப்புக்குக் கைகாட்டினேன். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும், இனி வரமாட்டேன் என்றும் சொல்ல வேண்டும்.

வாசலில் நிரோஷா. "வாங்க டீச்சர். ரத்தம் எடுக்க ஆள் வரப் போறாங்க. வெறும் வயித்துல இருக்கணுமாம். மாமிக்கு இன்னும் தேத்தண்ணிகூடக் குடுக்கல்ல."

உள்ளே போனேன். ஸ்டூல் மேல் கோப்பை இல்லை. சலேத்தம்மா என் கழுத்திலிருந்த சிமிழைப் பார்த்தார். அவராகவே வாயைத் திறந்து நாக்கை நீட்டினார்.

கொடுத்தேன். "ஆமென்" என்பதை நான்தான் சொன்னேன். தண்ணீர்கூட வாங்காமல் மெல்ல விழுங்கிக் கண்ணை மூடிக்கொண்டார்.

வெறும் வயிறு. முனாப் கையை ஆட்டிய விதம் ஞாபகம் வந்தது. இவரும் அதைத்தானே இத்தனை நாளும் செய்தார். நான் போவது எப்போதும் காலைத் தேநீருக்குப் பிறகு. ஃபாதர் வந்தது பகல் சாப்பாட்டுக்குப் பிறகு.

நிரோஷாவிடம் கேட்டேன். "ஆமா டீச்சர், எப்பவோ கேட்டது இப்பத்தான் ஞாபகம் வருது. ஹுன்னஸ்கிரிய தோட்டத்துல இருந்தப்போ ராத்திரி சாப்பிட்டா, மறுநாள் நன்மை வாங்குறவரைக்கும் பச்சத் தண்ணிகூடக் குடிக்கமாட்டாங்களாம். நாங்க இந்துக் கோயில் கும்புடுறவங்க, எனக்கு ஒங்க முறை தெரியாது. மாத்திரைக்குன்னு நானே காலையில குடுத்துட்டேன்."

அவளுக்குத் தெரியாது, சரி. எனக்குத் தெரியாதா? என் அம்மாவும் அப்படித்தான். கோப்பையைக் காட்டி 'குடித்துவிட்டேன், எனக்குத் தகுதியில்லை' என்று சொன்னவருக்கு நான் இன்னும் ஊட்டியிருக்கிறேன்.

திரும்பும் வழியில் சிமிழ் காலி. பேச வரவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

"அது பழைய சட்டம் டீச்சர். இப்ப ஒரு மணித்தியாலம்தான். நோயாளிக்கு அதுவும் தேவையில்லை. சொல்லிப் பாருங்க" என்றார் ஃபாதர்.

சொல்லிப் பார்த்தேன். ஃபாதரே சொன்னார் என்றேன். திருச்சபையே மாற்றிவிட்டது என்றேன். சலேத்தம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு கோப்பையைக் காட்டிவிட்டு உதட்டை மூடிக்கொண்டார். திருச்சபை மாறினால் அவரும் மாற வேண்டுமா என்ன?

அப்படியானால் விடியவே போக வேண்டும். ஃபாதர் அஞ்சேகாலுக்குக் கோயிலைத் திறந்து தர வேண்டும். முகம் சுளித்தார், ஆனால் சம்மதித்தார். முனாப்புக்கு யோசனையே இல்லை. "சுபஹ் தொழுதிட்டு நேரா வாறேன் டீச்சர்."

மார்ச் 15, ஞாயிறு

கோயில் பூட்டு. மணியடித்தேன், தட்டினேன், தொலைபேசியில் அழைத்தேன். ஃபாதர் தூங்கிவிட்டார். ஆறரையும் தாண்டித்தான் மேட்டு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். நிரோஷா அழுதுகொண்டிருந்தாள்.

"மாமிக்கு வேர்த்துக் கொட்டிருச்சு டீச்சர். ரத்தத்துல சீனி எறங்கிருச்சுன்னு பயந்து இப்பத்தான் தேத்தண்ணி குடுத்தேன்."

ஸ்டூல் மேல் கோப்பை. மறுபடி சுவர்.

அவள் செய்ததுதான் சரி. ஃபாதரிடம் போய் மரியாதையை எல்லாம் ஒருபக்கம் வைத்துவிட்டுப் பேசினேன். "அவங்க ஒங்க தூக்கத்துக்காகக் காத்துக்கிட்டிருக்க மாட்டாங்க ஃபாதர்" என்றேன். பேசியதற்காக நான் வருந்தவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

இருட்டில் போனபோது ஃபாதர் சுவெட்டர் போட்டுக்கொண்டு, சாவியும் கையுமாகக் கோயில் படியில் உட்கார்ந்திருந்தார். நோன்புப் பெருநாள் இனிப்பு வட்டிலப்பத்தை முன் பெட்டியில் வைத்திருப்பதாக முனாப் சைகையில் காட்டினார்.

மேட்டு வீட்டில் விளக்கு எரிந்தது. நிரோஷா மாமிக்குத் தலைவாரி, வெள்ளைச் சேலையைத் தோளில் போர்த்திவிட்டிருந்தாள். அவளும் இன்னும் ஒன்றும் குடிக்கவில்லையாம். "மாமி குடிக்காம இருக்கும்போது நான் மட்டும் எப்பிடி?"

சலேத்தம்மா வாங்கிக்கொண்டார். ஜன்னல் வெளுக்கும்வரை கண்ணைத் திறக்கவில்லை. நாங்கள் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

பிறகு இடது கையைத் தூக்கிக் கோப்பையைக் காட்டினார்.

இப்போது என்ன பிழை விட்டேன்? நிரோஷா சிரித்துவிட்டாள். "டீச்சர், இப்ப நெசமாவே தேத்தண்ணிதான் கேக்குறாங்க."

அடுப்பிலிருந்து சூடாகக் கொண்டுவந்தாள். நான்தான் ஊட்டினேன். ஒரு சொட்டும் வழியவில்லை.